கேளாது எடுத்த குருதி தானமாகுமா?

மைசூரில் ஆய்வுக்கூடத் தொழில் பயிலும் நம் இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு வினா எழுப்பினார். "பரிசோதனைக்கோ பிறர் சிகிச்சைக்கோ ஒருவர் கொடுத்த குருதியில் எஞ்சியதை, அவரைக் கேளாமலே உயிரணு வளர்ப்புக்குப் பயன்படுத்தலாமா? அது தானமா, களவா?" மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தோன்றி 1930-இல் இங்கு வந்தது முதல் மருத்துவக் கல்வி வேரூன்றிய நகரம் இது. இங்கே இவ்வினா எழுவது இயல்பே. நாமும் இதனை ஆராய்வோம்.

உறையாமைக்கு மருந்து சேர்க்காத குருதியை அசையாது வைத்தால் அது உறையும். பின்னர்ச் சுழற்சிப் பொறியிலிட்டுச் சுற்றினால் உறைகட்டி அடியில் தங்க, வைக்கோல் நிறத் தெளிநீர் மேலே நிற்கும். இதுவே சீரம். உயிரணுக்களைத் தாக்கவல்ல சில புரதங்கள் செயலறும் பொருட்டு இதனை 56 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைப்பர். நுண்வடிகட்டியால் வடித்து, உறைநிலைக்கு 20 பாகை கீழே காப்பர். வளர்ப்பு நீர்மத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்களவு சேர்ப்பது வழக்கம். எய்ட்ஸ் கிருமியும் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் இல்லையெனச் சோதனை கூறினும், கையுறையின்றி அதனைத் தொடுதல் ஆகாது. ஏபி பிரிவினரின் சீரத்தில் ஏ, பி பிரிவுகளை எதிர்க்கும் பொருள்கள் இல்லாமையால் அதனையே பெரிதும் நாடுவர். அங்கே பிரிவு கேட்கப்படுகிறது, குலம் கேட்கப்படுவதில்லை.

ஆய்வுக்கூடங்களில் மிகுதியாக வழங்குவது கருக்கன்றின் சீரம். கொல்லப்பட்ட சினைப்பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் குருதியினின்று அது எடுக்கப்படுகிறது. கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட நமக்கு, உயிர்க்கொலையின்றிக் கிடைக்கும் மனித சீரம் மேலானதாகத் தோன்றும். உண்மையே. ஆயின் முதற் சீலத்தைக் காக்கச் சென்று இரண்டாம் சீலத்தை இழத்தல் தகுமா? கொடாததை எடாமை என்பதன்றோ அச்சீலம்?

"எறியப்படும் பொருளால் யாருக்கு நட்டம்?" என்பர் சிலர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1951-இல் நிகழ்ந்ததை நோக்குங்கள். ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினத் தாயின் புற்றுக்கட்டியிலிருந்து அவரது இசைவின்றி எடுத்த உயிரணுக்களை ஜார்ஜ் கை என்னும் அறிஞர் வளர்த்தார். அவ்வாண்டு அக்டோபர் 4-இல் அவ்வம்மை இறந்தார். உயிரணுக்களோ இன்றும் பெருகுகின்றன. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க அவை உதவின. குடும்பத்தார் இச்செய்தியை அறிந்ததோ 1970-களில்தான். அவ்வுயிரணுக்களுக்கு ஊட்டிய நீர்மத்தில், மகப்பேற்றின்பின் நஞ்சுக்கொடியிலிருந்து பெற்ற மனித சீரமும் இருந்தது. லாக்ஸ் அம்மையின் பெயரையேனும் உலகம் அறிந்தது. அக்கொடிக்குரிய தாய்மாரின் பெயர் அறிந்தார் எவர்?

விளைந்த நன்மை பெரிது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பயன் நல்லதாயின் கேளாது எடுக்கலாம் என்னும் வாதம் நமக்குப் புதிதன்று. நம் முன்னோரின் உழைப்பும் இவ்வாறே ஊர்நன்மையின் பெயரால் கேளாது கொள்ளப்பட்டது. அவ்வழக்கை வெறுத்துத் தம்மத்தைச் சரணடைந்த நாம், அதனை ஆய்வுக்கூடத்தில் மட்டும் ஒப்புதல் எங்ஙனம்?

கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு ஆகிய மூன்றும் கூடியதே சிறந்த தானம் என்பது பகவானின் போதனை. அறியாதவனுக்கு இம்மூன்றில் ஒன்றுமில்லை. அவனிடமிருந்து பொருள் வந்தது, தானம் வரவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆய்வுக்கு இசைவு பெறுதலை வலியுறுத்துகின்றன. அடையாளம் நீக்கிய எஞ்சிய மாதிரிகளுக்கு அறநெறிக் குழு விலக்களிக்கவும் இடமுண்டு. சட்டம் விலக்களிக்கும், சீலமோ மனத்தை வினவும். குருதி கொடுக்கும் படிவத்தில் ஒரு வரி, "எஞ்சுவதை ஆய்வுக்கு எடுக்கலாமா?" என்னும் ஒரு சொல், போதும். "ஆம்" என்பார் பலர். "இல்லை" என்பாரையும் மதித்தல் வேண்டும்.

ஆகவே நம் இளைஞருக்கு நாம் கூறுவது இதுவே: கையிலுள்ள குப்பியில் நீர்மத்தை மட்டும் காணாதீர்; அதன் பின்னே நிற்கும் மனிதரையும் காண்பீர். கேட்டுப் பெறுவீர். நம் குருதியை நாடி ஒருவர் வந்து கேட்பாராயின், அன்று நாமும் மனமுவந்து கை நீட்டுவோம்.