செவி கேட்ட கேள்வி

சீடன்: கலையும் அறிவியலும் உடன்பிறந்தவை என்று மேடைதோறும் சொல்கிறார்கள், ஐயா. லியோனார்டோ பெயரில் தொடங்கி, ஐன்ஸ்டைன் வயலின் வாசித்தார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. வயலின் வாசிப்பது அவருடைய பொழுதுபோக்கு, அவ்வளவுதான். நன்றாகச் சமைக்கத் தெரிந்த விஞ்ஞானியும் எங்காவது இருந்திருப்பார். அதற்காகச் சமையலுக்கும் சார்பியலுக்கும் உறவு என்போமா?

குரு: சொல்ல மாட்டோம். ஒருவரே இரண்டையும் செய்தார் என்பது உறவுக்குச் சான்றாகாது. இந்தக் கலைப் பயிற்சி இல்லாவிட்டால் அறிவியலில் இந்தக் கேள்வி பிறந்திருக்காது, அல்லது இந்தப் பிழை பிடிபட்டிருக்காது என்று காட்டினால்தான் உறவு உண்டு என்று பேசலாம். ஓவியத்தைவிட இசையில் இதைத் தேடுவது எளிது. சுரம் பிசகினால் காதுக்கு உடனே தெரியும்; பிசகின் அளவை எண்ணாகவும் சொல்லலாம். பித்தகோரஸ் கதையை எடுத்துக்கொள். கொல்லன் பட்டறை வழியே போனவர் சுத்தியல் ஒலிகள் இசைந்து கேட்டதைக் கவனித்தாராம். சுத்தியல்களை நிறுத்தால் 12, 9, 8, 6 என்று எடை வந்ததாம். பன்னிரண்டும் ஆறும் சேர்ந்தால் கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும். பன்னிரண்டும் எட்டும் சேர்ந்தால் ஸட்ஜமும் பஞ்சமமும். அதே எடைகளைத் தந்திகளில் தொங்கவிட்டாலும் அதே சுரங்கள் வந்தன என்று கதை தொடர்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிக்கோமாக்கஸ் இதை எழுதினார். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயத்தியஸ் லத்தீனில் எழுதினார். 1492இல் மிலானில் அச்சான கஃபூரியோவின் இசை நூலில் சுத்தியல், மணி, எடை தொங்கும் தந்தி எல்லாவற்றையும் படமாகவே போட்டுவிட்டார்கள். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸட்ஜம் வரும் என்பது உண்மை. எடையை இரட்டித்தால் அது வராது. செய்து பார்த்த எவருக்கும் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

சீடன்: இது என் பக்கத்துக்கு அல்லவா சான்று? ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இசைக்காரர்கள் ஒரு பொய்யைச் சுமந்திருக்கிறார்கள். அவர்களுடைய காது அதைப் பிடிக்கவில்லையே.

குரு: சுமந்தவர்கள் யார் என்று பார். நிக்கோமாக்கஸ் எண் கணிதம் எழுதியவர். போயத்தியஸ் தத்துவவாதி, பாடுகிறவனும் வாசிக்கிறவனும் உண்மையான இசைஞர் அல்லர், பகுத்தறிவால் இசையை எடைபோடுகிறவனே இசைஞன் என்று எழுதியவர். இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இசை என்பது எண் கணிதம், வடிவ கணிதம், வானியல் ஆகியவற்றோடு வைத்துப் படிக்கப்பட்ட பாடம். வாத்தியத்தைத் தொடாமலே அதில் தேறிவிடலாம். கஃபூரியோ பாடகர் குழுவை நடத்தியவர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த இடத்தில் அவரும் ஏட்டைப் பார்த்துத்தான் எழுதினார். பொய்யைக் கலைத்தவர் ஃபிளாரன்ஸில் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்துப் பிழைத்த வின்சென்சோ கலிலேய். அவருடைய பழைய ஆசிரியர் சார்லினோ, ஒன்று முதல் ஆறு வரையான எண்களுக்குள் எல்லா இசைவும் அடங்கிவிடும் என்று வாதிட்டவர். லூட்டின் மெட்டுகளில் தினமும் விரல் வைக்கிற ஒருவருக்கு அது பொருந்தி வரவில்லை. அந்த எண்களுக்குக் கட்டுப்படாத சுரங்களையும் காது ஏற்றுக்கொண்டது. ஆகவே தந்திகளில் எடை கட்டிப் பார்த்தார். மேல் ஸட்ஜத்துக்கு எடை இருமடங்கு போதவில்லை, நான்கு மடங்கு தேவைப்பட்டது. பஞ்சமத்துக்கு 9க்கு 4. இதை 1589இல் சார்லினோவுக்கு எதிராக அச்சிட்டார். நீளத்தை அளந்தால் ஒரு விகிதம், எடையை அளந்தால் வேறொரு விகிதம் என்றால், இரண்டுக்கு ஒன்று என்ற எண்ணில் தெய்வீகம் ஏதும் இல்லை என்றாகிவிடுகிறது.

சீடன்: எடை கட்டிப் பார்ப்பது சோதனை, ஐயா. அது அறிவியலின் வேலை. செய்தவர் தற்செயலாக லூட் வாசிப்பவர். ஐன்ஸ்டைனின் வயலினுக்கே திரும்பி வந்துவிட்டோமே?

குரு: தற்செயல் என்றால், அந்த ஆண்டில் அந்தச் சோதனையை வேறு யார் செய்திருக்க முடியும் என்று சொல். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணும் கருவி அன்று உலகில் இல்லை. எடையை எவ்வளவு ஏற்றினால் சுரம் மேல் ஸட்ஜத்தில் சரியாக உட்காருகிறது, எப்போது மயிரிழை விலகுகிறது என்று தீர்ப்புச் சொல்லும் ஒரே கருவி தேர்ந்த செவிதான். அதைப் பழக்கியது இசைத் தொழில். நரம்புத் தந்தியும் உலோகத் தந்தியும் முழுதாக இழைவதில்லை என்று அவர் எழுதி வைத்ததும் முறுக்காணியோடு மல்லுக்கட்டிய அனுபவத்தால்தான். அவருடைய மகன் கலிலியோ, தானும் லூட் வாசிக்கத் தெரிந்தவர், 1638இல் வெளிவந்த தம் கடைசி நூலில் சுரத்தின் உயரம் அதிர்வுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று விளக்கினார். 1636இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் தந்தி விதிகளை வகுத்து வெளியிட்டிருந்தார். ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்றாசிரியர் இன்னும் ஒரு படி போகிறார். சாய்தளத்தில் உருளும் பந்துக்குக் கலிலியோ காலம் அளந்தது எப்படி என்பதற்கு, தளத்தின் குறுக்கே லூட்டில் கட்டுவதுபோல நரம்பு மெட்டுகளைக் கட்டி, பந்து அவற்றில் இடறும் ஒலி ஒரு பாட்டின் தாளத்தோடு சேரும்வரை நகர்த்தினார் என்று ஊகித்து, தாமே செய்தும் காட்டினார். அது ஊகம்தான், அதன்மேல் நான் பாரம் ஏற்றவில்லை. தாளம் பழகியவனுக்கு அரை நொடிப் பிசகு பெரிய பிசகு என்பது மட்டும் நமக்குத் தெரிந்ததே.

சீடன்: இதற்கு எதிரான வழக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. நியூட்டன் முதலில் நிறமாலையில் ஐந்து முதன்மை நிறங்களைத்தான் எண்ணினார். சுரங்கள் ஏழு என்பதால் ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். 1704இல் வந்த ஒளியியல் நூலில் நிற வட்டத்தையே சுர இடைவெளிப்படிதான் பங்கிட்டிருக்கிறார். அன்று முதல் பள்ளிப் பிள்ளைகள் வானவில்லில் கருநீலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கலை அறிவியலைக் கெடுத்ததா, இல்லையா?

குரு: நல்ல வழக்கு. ஆனால் நியூட்டன் இசையிலிருந்து எதைக் கடன் வாங்கினார்? செவியையா? எந்தச் சுரமும் அவரிடம் ‘ஆறாவது நிறம் இருக்கிறது’ என்று சொல்லவில்லை. ஏழு என்ற எண்ணை வாங்கினார். போயத்தியஸ் காலத்திலிருந்து ஏட்டில் புழங்கிய எண்ணாசையின் எச்சம் அது. நான் சொல்ல வருவது முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. கலையின் கொள்கையை, அதன் அழகான வரிசைகளை எடுத்து இயற்கையின்மேல் போர்த்தும்போது அறிவியல் பெரும்பாலும் ஏமாறுகிறது. கலையின் செய்தொழில் ‘உன் விதி இங்கே பொருந்தவில்லை’ என்று குறுக்கிடும்போது அது திருந்துகிறது.

சீடன்: பெரும்பாலும் என்றீர்கள். கெப்ளரை நினைத்துத்தானே? கோள்கள் பாடும் இசையைத் தேடிப் போனவர், 1619இல் வந்த அந்த நூலில்தானே மூன்றாம் விதியைத் தந்தார்? சுற்றுக்காலத்தின் வர்க்கம், சராசரித் தொலைவின் கனம் என்ற உறவு இன்றும் நிற்கிறதே.

குரு: ஆமாம், கெப்ளர் என் கோட்டுக்குள் அடங்குவதில்லை. இசைவு இருந்தே தீரும் என்ற பிடிவாதம்தான் அவரை அத்தனை ஆண்டுகள் கணக்குப் போட வைத்தது. வானியலாளர் டைக்கோ பிராகேயின் அளவுகள் கையில் இருந்ததால் பிடிவாதம் தறிகெட்டுப் போகவில்லை. அந்த நூலில் கோளுக்குக் கோள் எழுதிய சுரங்களை இன்று எந்த வானியலாளரும் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் அந்தச் சுரங்களைத் தேடாமல் விதி வந்திருக்குமா என்றால், வந்திருக்கும் என்று துணிந்து சொல்ல என்னால் முடியாது. அவரை விதிவிலக்காக வைத்துவிட்டு, இன்னும் வலுவான சான்றுக்குப் போவோம். மிருதங்கத்தை எடுத்துக்கொள். தந்தி அதிரும்போது அடிப்படை ஒலியோடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலொலிகள் எழும். அதனால்தான் அதில் சுரம் தெளிகிறது. சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலில் மேலொலிகள் 1.59, 2.14, 2.30 என்று முழுமை இல்லாத எண்களில் விழும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் இந்தத் தோலை ஆராய்ந்தார்; 1877இல் ரேலியின் ஒலியியல் நூல் இதை விரிவாக நிறுவியது. பறை இனக் கருவிகளுக்குத் தெளிந்த சுரம் இயல்பல்ல என்பது இதன் முடிவு. அந்த முடிவு அச்சேறுவதற்கு வெகு காலம் முன்பே, இங்கே மிருதங்கத்தின் வலந்தலை ஸட்ஜத்தில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. 1920இல் கல்கத்தாவிலிருந்து சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். 1934இல் ராமன் விரிவாக எழுதினார். தோலில் நுண்மணலைத் தூவி அதிர்வுக் கோலங்களைப் பதிவு செய்து, முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் கூட்டுச் சேர்ந்து ஐந்தே சுரங்களாக, ஒன்று முதல் ஐந்து மடங்குவரை முறையாக விழுகின்றன என்று காட்டினார். காரணம், நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புக் கரணை.

சீடன்: கரணை வைத்தவருக்கு இந்த ஒன்பதும் ஐந்தும் தெரியாதே, ஐயா. எப்படிச் செய்வது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. ஏன் என்பதுதான் அறிவியல்.

குரு: ஏன் என்று அவர் சொல்லவில்லை, சரி. ஆனால் அவர் செய்வது கண்மூடிப் பழக்கமும் அல்ல. இரும்பும் மாங்கனீசும் கலந்த கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, தேய்த்து, உலரவிட்டு, தட்டிக் கேட்டு, மறுபடி பூசுகிறார். காது ஒப்பாவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். ஒவ்வொரு பூச்சும் ஒரு கருதுகோள், ஒவ்வொரு தட்டும் ஒரு சோதனை என்றால் உனக்கு மிகையாகத் தோன்றலாம். அப்படியானால் இதை மட்டும் எண்ணிப் பார்: ரேலியிடம் கணிதம் முழுவதும் இருந்தது. நடுவில் கனமும் ஓரத்தில் இலேசுமான ஒரு தோல் எப்படி அதிரும் என்ற கேள்விதான் இல்லை. தன்னால் தீர்க்க முடிந்த சீரான தோலை எடுத்துத் தீர்த்தது கணிதம். அந்தக் கேள்வியைப் பொருளாகச் செய்து ராமன் முன்னால் வைத்தது கரணை. கூட்டுத் தோலாகக் கருதி அதற்கு முறையான கணக்குப் போட, ராமகிருஷ்ணாவும் சோந்தியும் 1954இல் வரவேண்டியிருந்தது. இதில் ஒரு கசப்பும் உண்டு. கட்டுரைகளுக்கு ஆசிரியர் உண்டு, கச்சேரிக்கு வித்துவான் உண்டு. கேள்வியைச் செய்து கொடுத்த கைகளுக்குப் பெயர் இல்லை. மாட்டுத்தோலைத் தொட்டு வேலை செய்ததால் தள்ளி வைக்கப்பட்ட அந்தக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல்தான் நூலாக எழுதினார். கலைக்கும் அறிவியலுக்கும் நடுவில் நாம் கட்டிய சுவரில் பாதி, கைக்கும் ஏட்டுக்கும் நடுவில் கட்டிய சுவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சீடன்: பழங்கதையாகவே ஒத்துக்கொள்கிறேன். இன்று கைப்பேசியே அதிர்வெண்ணைத் துல்லியமாகச் சொல்கிறது. செவிக்கு இனி என்ன வேலை?

குரு: நீ கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறாய் அல்லவா? எம்பி3 முறையை ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியபோது, காது கவனிக்காத ஒலியை வெட்டிவிட்டுக் கோப்பைச் சுருக்குவதே திட்டம். சூசன் வேகா பின்னணி இசையே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை அதில் போட்டபோது குரல் சகிக்க முடியாதபடி கெட்டுப்போனது. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு முறையைத் திருத்தினார்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று எந்த அளவுமானியும் சொல்லாது. அளவுமானி அளப்பது, எதை அளக்க வேண்டும் என்று யாரோ முன்பே முடிவு செய்ததை.

சீடன்: கடைசியாக ஒன்று. தோலுக்குப் பதில் செயற்கைப் படலம் போட்ட மிருதங்கம் வந்துவிட்டது. அதன் மேலொலிகள் ராமன் சொன்ன ஐந்தோடு அப்படியே பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். வித்துவான் வாசித்துப் பார்த்து, இது மிருதங்கம் போல இல்லை என்கிறார். வெறும் பழக்கதோஷமாகவும் இருக்கலாம். யாரை நம்புவது?

குரு: பழக்கதோஷமா என்பதைச் சோதிக்கலாம்; கண்ணைக் கட்டிவிட்டு இரண்டையும் கேட்கச் செய்யலாம். தடுமாறினால் அவர் வாதம் போயிற்று. தடுமாறாமல் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னால், ஐந்து மேலொலிகளைத் தாண்டி இன்னொன்று அங்கே இருக்கிறது. ஒலி அடங்கும் வேகமாக இருக்கலாம், மீட்டு, சாப்பு என்னும் அடிகளுக்கு நடுவில் படலம் விரலுக்குத் திருப்பித் தரும் எதிர்ப்பாக இருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது. உனக்குக் கணிதம் வரும். மிருதங்கம் செய்கிறவர் ஒருவரிடம் போய் உட்கார்.