கணினிச் சல்லடையும் ஆராய்ச்சி மணியும்



புக்கிட் ரோத்தானில் என் சித்தப்பா சின்னதாகக் குத்தகைத் தொழில் செய்கிறார். புல் வெட்டுவது, கால்வாய் சுத்தம் செய்வது, அவ்வளவுதான். போன வருஷம் ஒரு வேலைக்கு மனுப் போட்டார். 'தகுதி இல்லை' என்று திரையில் ஒரே ஒரு வரி வந்தது. விசாரித்தால், "சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது அண்ணே" என்றார்கள். கடைசியில் பார்த்தால், அவர் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்! அதைத் திருத்துவதற்குள் வேலை கைமாறிவிட்டது.

"திருடன்னு சொல்லியிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன்டா. ஒண்ணுமே சொல்லலையே" என்றார். அந்த வார்த்தை என்னை விடவே இல்லை.

அப்படியென்றால் கணினி வடிகட்டக் கூடாதா? வடிகட்டத்தான் வேண்டும். அரசாங்கப் பணம் நம் பணம். நிதியமைச்சின் இ-பெரோலேஹான் மாதிரியான முறைகள் இல்லாவிட்டால், 'யாரைத் தெரியும்' என்பதுதான் தகுதியாக இருக்கும். கணினி முகம் பார்க்காது, கோப்பிக் காசு கேட்காது. ஆள்பலம் இல்லாத சித்தப்பா போன்றவர்களுக்கு அதனால் நன்மையும் உண்டு.

இது நமக்குப் புதிதும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகளைப் பாருங்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலையில் இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள்: யாரை, எதற்காக விலக்குகிறோம் என்பதை எல்லாரும் பார்க்கும்படி கல்லில் எழுதி வைத்தார்கள்.

கணினியின் விதி அப்படித் தெரிவதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1,000 நிறுவனங்களில் 10 மோசடி நிறுவனங்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது, நல்லவர்களில் 5 விழுக்காட்டினரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நல்ல கணினிதான். ஆனால் மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 நல்லவர்கள் மாட்டுகிறார்கள். ஒரு திருடனுக்கு ஐந்து அப்பாவிகள்!

நெதர்லாந்தில் இதுபோல் நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டன. வரித்துறையின் கணினி ஆபத்துப் பட்டியல் அதில் பெரும் பங்கு வகித்தது. வெளிநாட்டு வேர் உள்ள குடும்பங்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. மனிதன் தவறினால் ஒருவருக்குத் தவறுவான். கணினி தவறினால் ஒரே மாதிரி உள்ள எல்லாருக்கும் தவறும்.

திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் இரண்டு பக்கமும் எச்சரிக்கிறது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியவரை வீணாகச் சந்தேகிப்பதும் துன்பம். ஆராய்வது கடமை. ஆராய்ச்சி தவறினால் அதைத் திருத்துவதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்ற மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. முடிவை எதிர்த்து முறையிட அதில் வழி உண்டு. நல்ல விஷயம். ஆனால் வக்கீல் வைக்க முடியாத, ஒருநாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும் ஆளுக்கு அந்த வழி எட்டுமா?

மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நமக்கெல்லாம் தெரிந்த கதை. அந்த மணியின் பெருமை அது அரண்மனையில் இருந்ததில் இல்லை. ஒரு பசுவுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியதில் இருக்கிறது.

நாளை இத்தகைய கணினிகளை எழுதப் போகிறவர்களில் நாமும் இருப்போம். 'தகுதி இல்லை' என்ற வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதுவோம்: ஏன் இல்லை, யாரைப் பார்த்துப் பேச வேண்டும். சித்தப்பா கேட்டது அந்த இரண்டு வரியைத்தான்.