கூச்சத்தின் விலை

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?" ஆண்மைத் தளர்ச்சிக்கு லேகியம் வாங்குவோரின் வாதம் இது. எங்கள் கொழும்புத்துறையில் அதை வாய்விட்டுச் சொல்பவர்களும் குறைவு. பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் ஒளிப்பவர்களே அதிகம்.

அமுக்கராவை நான் பழிக்கவில்லை. ஓரளவு பயன் உண்டென்று சிறு ஆய்வுகள் சில சொல்கின்றன. அரிதாக ஈரலைத் தாக்கியதும் பதிவாகியிருக்கிறது. 2023இல் டென்மார்க் அதைத் தடைசெய்தது. இவற்றை வைத்தியர்கள் விவாதிக்கட்டும்.

என்னை உறுத்துவது வேறு. 1998இல் வயாகரா சந்தைக்கு வந்தது. அதிலுள்ள சில்டெனாபிலைக் கள்ளமாகக் கலந்து, 'சுத்த மூலிகை' என்று விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுநோவுக்கு நைத்திரேற்றுக் குளிசை பாவிப்பவர் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் சடுதியாக விழும், உயிரும் போகலாம். பலிக்காத லேகியத்தால் காசுதான் நட்டம். இதிலோ பலிப்பதே ஆபத்து. தன் உடலுக்குள் எதை விடுவதென்று தீர்மானிக்கும் உரிமையையே அந்த லேபல் திருடிவிடுகிறது.

விற்பவன் மட்டுமா குற்றவாளி? தளர்ந்தவனைப் பகிடி பண்ணும் ஊரும் அவனுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுக்கிறதே! தளர்ச்சி பலவேளைகளில் சீனி வருத்தத்தின், இருதய நோயின் முன்னறிகுறி. நல்ல சித்த வைத்தியரோ டொக்டரோ அதை விசாரிப்பார். பொட்டலம் நீட்டுபவர் காசை மட்டுந்தான் எண்ணிப் பார்ப்பார்.