கொடிமரமும் கொடிக்கம்பமும்

கோயில் திருவிழாவில் ஏறும் கொடிக்கும் ஆகஸ்ட் மாதத்தில் ஏறும் தேசியக் கொடிக்கும் என்ன உறவு? புதுச்சேரி முதலியார்பேட்டையில் பிறந்து, ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏ.எஃப்.டி.யில் தறி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். துணியோடே வாழ்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

சிவன் கோயிலில் ரிஷபம் எழுதிய கொடியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் தறியில் இறங்கியதைப் போன்ற பருத்தித் துணிதான். பூஜை செய்து மந்திரம் சொல்லி ஆவாகனம் பண்ணிய பிறகு அதைக் கும்பிடுகிறோம். பத்தாம் நாள் கொடியிறக்கம். வரவழைத்த தெய்வத்தை முறைப்படி வழியனுப்பி வைப்பார்கள்.

தேசியக் கொடிக்கு மந்திரம் சொன்னது யார்? 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபை அதை ஏற்றது. ராதாகிருஷ்ணன் அங்கே எழுந்து, நடுவில் இருப்பது தர்மச் சக்கரம் என்று விளக்கினார். ஆனால் அது டில்லியில் நடந்தது. அன்றைக்கு நாங்கள் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தோம். எங்களுக்கான மந்திரம் 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் சொல்லப்பட்டது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் சம்மதித்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது.

அந்த 170-ஐக் கொண்டாடுகிறோம், சரிதான். எனக்கு அந்த எட்டுப் பேரும் பெரிய மனிதர்கள்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் சொன்ன சம்மதத்துக்கு என்ன மதிப்பு? மிரட்டி வாங்கிய வணக்கத்தில் தெய்வமும் இறங்காது, தேசமும் இறங்காது.

பிறகு இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தமும் அந்த மரியாதையைக் காப்பாற்றியது. 1956-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஜூலை 14 அன்று சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அங்கே இரண்டு நாட்டுக் கொடியும் இருக்கும், இரண்டு கீதமும் ஒலிக்கும். இரண்டுக்கும் அவர் முதுகு ஒரே மாதிரிதான் நிமிரும். அவரைத் துரோகி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். முருகனைக் கும்பிடுகிறவன் மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றுகிற ஊர் இது.

2022 சுதந்திர தினத்துக்கு எல்லோரும் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்கு வீடு தேசியக் கொடி வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கொடி விதியைத் திருத்தி, பாலியஸ்டருக்கும் மில் துணிக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். மில் துணி என்பதில் எனக்கு வருத்தமில்லை, அதுவும் உழைப்பாளியின் கை பட்டதுதான். ஆனால் விழா முடிந்து வாய்க்கால் ஓரத்தில் கிடந்த கொடிகளைப் பேத்தியோடு பொறுக்கியபோது மனசு தாங்கவில்லை. கிழிந்த கொடியை முழுசாக, தனிமையில், மரியாதையோடு எரிப்பது நல்லது என்கிறது விதி. கொல்லையில் எரித்தோம். கதர்க்கொடி சாம்பலானது. பாலியஸ்டர் சுருண்டு, உருகி, சொட்டுச் சொட்டாக விழுந்து கறுப்புக் கட்டியாக இறுகியது. ஏற்றச் சொன்னவர்கள் இறக்கவும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கோயிலில் கொடியிறக்கமும் ஒரு பூஜைதான்.

மிரட்டி வணக்கம் வாங்க முடியாது என்றேனே, அதற்கு இன்னொரு கதை உண்டு. கேரளத்தில் 1985-ல், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. தங்கள் மதம் அனுமதிக்கவில்லை என்றார்கள். பள்ளியை விட்டு நீக்கினார்கள். மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக எழுந்து நின்றதே போதும் என்பது தீர்ப்பு. நான் திருநீறு பூசுகிறவன், அவர்கள் கடவுள் வேறு. ஆனாலும் நான் அந்தப் பிள்ளைகள் பக்கம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆகஸ்ட் 16-ல் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏறும்போது, அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் கை கூப்புகிறேன்.