சிக்கனமும் அறமும்

குடும்பமொன்றின் உணவுச் செலவைக் குறைத்தல் பெரும்பாலும் கணக்கு விடயமாகவே பேசப்படுகின்றது. வரவு இவ்வளவு, விலை இவ்வளவு, ஆகவே இன்னின்ன பொருள்கள் விலக்கப்படல் வேண்டும் என்ற அளவில் அப்பேச்சு முடிந்துவிடும். ஆயினும், "குடும்பம் செலவைக் குறைத்தது" என்னும் வாக்கியத்தின் எழுவாய் ஐயத்துக்குரியது. குடும்பத்துக்கு வயிறு இல்லை. வயிறு அதன் உறுப்பினருக்கே உண்டு. வீண்விரயத்தைத் தவிர்ப்பதால் மிஞ்சும் பணத்தைப் பற்றி எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. விரயமே இல்லாத வீட்டில் மாதச் செலவு ஆயிரம் ரூபாயாற் குறைந்தது எனின், அவ்வாயிரம் ரூபாய்க்குரிய உணவு யாரோ ஒருவரின் கோப்பையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றது. அது யாருடைய கோப்பை என்று வினவும்போதே பொருளியல் ஒழுக்கவியலாகிவிடுகின்றது.

இவ்வினா கண்டிப் பிரதேசத்தில் வெறும் ஏட்டு வினாவாக இருந்ததில்லை. 2021 ஏப்பிரலில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதிலும், அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை அடுத்த ஆண்டு நாட்டையே முடக்கியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்தெம்பரில் உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. கண்டி நகரத்தில் மாதச் சம்பளம் பெறும் வீட்டார் இறைச்சியை விட்டு மீனுக்கும், மீனை விட்டு நெத்தலிக் கருவாட்டுக்கும், பால் தேநீரை விட்டுச் சாயத் தேநீருக்கும் இறங்கினர். அஃது இழப்பே எனினும், இறங்குவதற்கு அவர்களுக்குப் படிகள் இருந்தன. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லயங்களில் ரொட்டியும் சம்பலும் பருப்பும் சாயத் தேநீருமே நெடுங்காலமாக உணவின் உடலாயிருந்தவை. கடைசிப் படியில் நிற்பவருக்கு "ஒரு படி இறங்குக" என்று கூறும் அறிவுரைக்கு யாது பொருள்?

ஏழ்மை மிகுந்தோறும் வருமானத்தில் உணவுக்குச் செல்லும் பங்கு மிகும் என்பதை ஜெர்மானியப் புள்ளிவிபரவியலாளர் ஏர்ண்ஸ்ட் எங்கல் 1857 இல் எடுத்துக்காட்டினார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. ஓராண்டின் பின் 400 கிராம் பால்மாப் பொதியொன்றின் விலை 790 ரூபாய். ஒருநாள் உழைப்பின் ஐந்தில் நான்கு பங்கு ஒரு பொதிக்குள் அடங்கிவிட்டது. ஆதலின், சிக்கனத்தைப் போற்றும் ஒழுக்கப் பேச்சில் ஒரு மறைவான முற்கோள் உண்டு. சிக்கனம் செய்வதற்கும் சிறிது செல்வம் வேண்டும் என்பதே அது.

வீட்டுத் தோட்ட யோசனை இதற்குத் தக்க சான்று. கண்டிக் கிராமத்து வீட்டுத் தோட்டங்கள் பலாவும் தென்னையும் மிளகும் கிழங்கும் ஒருங்கே செழிக்கும் சோலைகள். பலாமரத்தைச் சிங்கள மக்கள் "பத் கஸ", அதாவது சோற்றுமரம், என அழைப்பர். பலாக் கன்றுகளை நாட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்ட ஆதர் வி. டயஸ் என்பாரைக் "கொஸ் மாமா" என்றே நாடு நினைவுகூருகின்றது. பஞ்சகாலத்தில் ஒரு பலாமரம் ஒரு வீட்டைத் தாங்கும். ஆனால் லயக் காம்பராவின் முன்னுள்ள நிலம் தோட்டத்துக்கு உரியது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய லூல்கந்துர இதே கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. அன்று தொட்டு மலைகளுக்குக் கன்று நாட்டியவரின் சந்ததியினரிற் பெரும்பாலோர் தமக்கென்று ஒரு பலாக்கன்றை நாட்டும் நிலவுரிமை இன்றி வாழ்ந்தனர். 2022 யூனில் அரச ஊழியர் உணவுப் பயிர் செய்யும்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை பெறலாமென அமைச்சரவை தீர்மானித்தது. நாட்கூலி பெறுவோருக்கு அத்தகைய வெள்ளிக்கிழமை கிடையாது. விடுமுறை எடுத்தால் அன்றைய சம்பளமும் இல்லை.

நாட்டையும் ஒரு பெரிய குடும்பமாகக் கருதுவது அரசியலாரின் வழக்கம். அக்குடும்பம் தன் உணவுச் செலவைக் குறைத்த வரலாறு நோக்கத்தக்கது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1966 இல் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாகியது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலக விலையேற்றத்தால் பங்கீடு மேலும் சுருங்கியபோது தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. வயலும் தோட்டமும் இல்லாதவர்க்குப் பங்கீட்டுப் புத்தகமே வயல் என்பதை அப்போது மரணம் எடுத்துரைத்தது. 1979 இல் அரிசிப் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. அரிசி அளவாற் கொடுக்கப்பட்டது. முத்திரையோ ரூபாயாற் கொடுக்கப்பட்டது. விலைகள் ஏற, முத்திரையின் பெறுமதி ஓசையின்றிக் கரைந்தது. ஹர்த்தாலைக் கண்ட நாட்டில் ஓசையின்றிக் குறைக்கும் வழி கண்டறியப்பட்டது எனக் கூறினும் மிகையன்று.

ஓசையின்றிக் குறைத்தல் அடுக்களையிலும் நிகழ்கின்றது. அங்கே அதன் வாய்பாடு "எனக்குப் பசியில்லை" என்பதாகும். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறியபின் தாய் கூறும் இச்சொற்கள் பொய்யா என்பது சிந்திக்கற்பாலது. நன்மை கருதியும் பொய் கூறலாகாது என 1797 இல் எழுதிய ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் இதனை விலக்குவார். வள்ளுவரோ வாய்மையைத் தீங்கின்மையால் வரையறுத்தவராதலின், தாயின் சொல் அவர் நெறியில் வாய்மையாகவே கொள்ளப்படும் என்பர். ஆனால் இம்முடிவு அவசரமானது. அச்சொல் தீங்கற்றதா என்பதே வினா. அதனாற் கேடுறுபவள் அதனைச் சொல்பவளே. தனக்குத்தானே இழைக்கும் தீங்கைத் தீங்கெனக் கணியாத பழக்கம் தியாகத்தைப் புகழும் எல்லாப் பண்பாடுகளிலும் உண்டு; தமிழ்ப் பண்பாட்டில் அது சற்று மிகுதி.

அன்றியும், நெடுநாள் சொல்லப்பட்ட பொய் சொன்னவரையே நம்பவைக்கின்றது. வங்காளப் பஞ்சத்தை அடுத்து 1944 இல் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில் எடுக்கப்பட்ட ஆய்வொன்றை அமர்த்தியா சென் பலமுறை எடுத்தாண்டுள்ளார். மனைவியை இழந்த ஆடவரில் 48.5 வீதத்தினர் தமக்கு உடல்நலம் இல்லை அல்லது குறைவு என்றனர். கணவனை இழந்த பெண்களிலோ அவ்வாறு கூறியோர் 2.5 வீதத்தினரே. விதவையர் வாழ்வு அக்காலத்தில் எத்தகையது என்பதை அறிந்தோர், அப்பெண்கள் நலமாக இருந்தனர் என்று இவ்வெண்களைக் கொண்டு முடிவுசெய்யார். தமக்கு நலம் உரியதென்ற எண்ணமே அவர்களிடம் அற்றுப்போயிருந்தது. எனவே, "அவளே விரும்பிக் குறைத்துக்கொண்டாள்" என்ற வாதம் வலுவிழக்கின்றது. விருப்பம் என்பது வேறு வழி தெரிந்தவிடத்து மட்டுமே விருப்பமாகும்.

இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கிலோகலோரி என்ற அடிப்படையில் வகுக்கப்பட்டு நெடுங்காலம் கையாளப்பட்டது. வீட்டின் மொத்தச் செலவை ஆட்தொகையாற் பிரித்துக் காணும் இவ்வளவீட்டில் தாயும் தந்தையும் சமமாக உண்பதாகவே கருதப்படும். 2022 செப்தெம்பரில் ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் இந்நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு அற்றோர் என மதிப்பிட்டன. தோட்டப்புறத்தின் நிலை ஏனையவற்றினும் மோசமாயிருந்தது. கோட்டுக்கு மேலேயுள்ள வீடொன்றினுள் கோட்டுக்குக் கீழே ஒருத்தி வாழக்கூடும். அவளை அத்தொகை காணாது.

உண்மையில் அவள் பசியை வேறொரு கணக்கே காண்கின்றது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கப்படும். குறித்த நிறை சேராவிடின் "அரைப்பேர்" விழும். அன்று பாதிச் சம்பளமே. காலையில் அரை வயிற்றோடு மலையேறியவளுக்கு மாலையில் அரைப்பேர் விழுமாயின், அடுக்களையில் மிச்சம் பிடித்த ரொட்டி தராசில் இழக்கப்பட்டது. அறத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கை மட்டும் பார்ப்பவரும் ஈண்டுத் தம் கணக்குப் பிழைத்தமையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இவ்வாறு கூறுவது தியாகத்தை இழிவுபடுத்துவதாகாதா என ஒரு தடை எழலாம். தாயின் அன்பைச் சுரண்டல் என்று பெயரிடுதல் வறட்டு வாதமே. பிள்ளைக்கு முதற்கவளம் ஊட்டுவதைப் பழிப்பவர் எவருமிலர். பழிக்கத்தக்கது, ஒருவரின் அன்பை ஏனையோர் மாதாந்த வரவுசெலவில் நிலையான வரவாக எழுதிக்கொள்வதே.

தமிழ் வீடுகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடுவர். யாழ்ப்பாணத்தில் கோயில்களையும் பாடசாலைகளையும் பேணியது அவ்வரிசி. அதுவும் உணவைக் குறைத்தலே. ஆயின் அங்கே குறைத்தல் உலைக்கு முன் நிகழ்ந்தது. சோறு எல்லோருக்கும் சிறிது குறைந்தது. எவருக்குக் குறைந்ததென்று மறைக்கவேண்டிய தேவை எழவில்லை. பரிமாறும்போது அகப்பையாற் குறைப்பது வேறு. சோற்றிலேனும் அதனை மறைக்கலாம். கோப்பையில் பரப்பிவிட்டால் பாதியும் முழுமைபோலத் தோன்றும். ரொட்டியில் அதுவும் இயலாது. லயத்து அடுப்படியில் ஐவருக்கு ஒன்பது ரொட்டி சுடப்படுமாயின், ஒற்றை ரொட்டியோடு இருப்பவர் யாரென்று அடுப்படியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.