முதல் உபதேசியார் தகப்பனே



சம்பா நாற்று முதலில் வளருவது பெரிய வயலிலா? இல்லை, உங்கள் கண்பார்வையில், நாற்றங்காலில். 25, 30 நாள் அங்கே தேறிய பிறகே பறித்து நடுகிறோம். நாற்று சவலையானால் வயல் என்ன செய்யும்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் ஞானோபதேச வகுப்பும் வயல், வீடுதான் நாற்றங்கால்.

மாயூரத்தில் முன்சீப்பாயிருந்த வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையின் மகன். அவர் தொடக்கக் கல்வி கற்றது தம் தகப்பனார் சவரிமுத்துப் பிள்ளையிடமே. அந்த நாற்றங்காலில் வளர்ந்தவரே 1859-ல் நீதிநூல் தந்தார். பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் என்று 1965-ல் வத்திக்கான் சங்கமும் போதித்தது.

“எனக்குப் படிப்பு ஏது? வேலை முடிந்து வந்தால் களைப்பு. அதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள்” என்பீர்கள். பிள்ளை படிக்கும் புத்தகம் நீங்களே! தாய் மாத்திரம் முழங்காலிட்டுச் செபமாலை சொல்ல, நீங்கள் திண்ணையில் சாய்ந்திருந்தால், செபம் பெண்களுக்குரியது என்று மகன் படித்துக்கொள்கிறான். நடவாளுக்குப் பேசிய கூலியைக் குறைத்துக் கொடுத்தால், “களவு செய்யாதே” என்ற கற்பனை வாய்ப்பாடம் மாத்திரமே என்று தெரிந்துகொள்கிறான்.

தவறிவிட்டீர்களா? பிள்ளையையும் அழைத்துப்போய், “நான் செய்தது பிழை” என்று சொல்லி, குறைத்ததைக் கொடுத்துவிடுங்கள். அதைவிட மேலான ஞானோபதேசம் இல்லை.

இன்றிரவே பிள்ளையின் சிறு கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையப் பழக்குங்கள். நாற்றின் வயது நமக்காகக் காத்திராது.