யார் செய்த துரு?

பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் வாங்கியவர்கள் சனிக்கிழமை காலையில் முதலில் கையில் எடுக்கும் கருவி ஒரு சின்னச் சுத்தியல். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போவார்கள். இரும்பு நன்றாக இருக்கும் இடத்தில் கணீரென்று கேட்கும். உள்ளே அரித்துப்போன இடத்தில் சத்தம் எழும்பாது. அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் தகடு பொத்துக்கொண்டு துருச் செதில்கள் முகத்தில் கொட்டும். தார்ப்பூச்சைச் சுரண்டினால் ஒரு ஒட்டுத் தகடு. அதை வெட்டி எடுத்தால் அடியில் இன்னொரு ஒட்டு. அதற்கும் அடியில், முதலில் துருப்பிடித்த இரும்பு அப்படியே இருக்கும். முகம் தெரியாத பழைய சொந்தக்காரர்களின் அவசரமும் சிக்கனமும் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அத்தனைக்கும் இப்போது பதில் சொல்ல வேண்டியவர் நேற்று வாங்கியவர். தான் செய்யாததன் பலனை ஒருவர் ஏன் சுமக்க வேண்டும் என்பது எல்லாச் சமயங்களும் மல்லுக்கட்டிய கேள்வி. அதற்கு ஒரு நேர்மையான பதில் இந்த வாரக்கடைசி வேலைக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பழுதை ஏற்பது வேறு, பழியை ஏற்பது வேறு, முதலாவதைச் செய்ய இரண்டாவது தேவையே இல்லை.

இந்தத் துரு எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் ரோவர் நிறுவனம் இந்த வண்டியை முதன்முதலாகக் காட்டியபோது போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. பிரிட்டனில் எஃகுக்குக் கடும் ரேஷன். போர்விமானங்களுக்காகப் பெருகியிருந்த அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. எனவே மாரிஸ் வில்க்ஸும் அவருடைய குழுவினரும் வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். பளு தாங்கும் சேஸிஸை எஃகுத் தகடுகளைப் பெட்டியாகப் பற்றவைத்து உருவாக்கினார்கள். பெட்டியின் உட்புறம் துருப்பிடித்தால் வெளியில் தெரியாது. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில் சாலை உறைந்து வண்டிகள் சறுக்காமல் இருக்க உள்ளாட்சி அமைப்புகள் தூவுவது அது; எத்தனையோ உயிர்களைக் காக்கிற உப்பு. இந்தச் சங்கிலியில் குற்றவாளி யார்? கிடைத்ததை வைத்து நல்ல வண்டி செய்தவர்களா, உப்புத் தூவியவர்களா? எல்லாரும் தத்தம் இடத்தில் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். துரு வந்துவிட்டது. நம் மரபு ஊழ் என்று சொன்னதில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது என் கணிப்பு. தீயவர்கள் செய்த தீமை அதில் கொஞ்சம். நல்லெண்ணத்தோடு செய்த காரியங்களின் பின்விளைவே மிகுதி.

யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்பது. துன்பம் இருந்தால் குற்றவாளி ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இயேசு இரண்டையும் மறுக்கிறார். கடவுளின் செயல் இவரிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று அவர் தொடர்ந்து சொல்வதை ஏற்பது எளிதல்ல. அதற்காக ஒரு மனிதரை இத்தனை காலம் இருட்டில் வைத்திருந்தாரா கடவுள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடப்பது. தரையில் உமிழ்ந்து, மண்ணைக் குழைத்து, அந்தக் கண்களில் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். குற்ற விசாரணை அத்தோடு முடிந்து கைவேலை தொடங்கிவிடுகிறது. அன்று ஓய்வுநாள். ஓய்வுநாளில் வேலை செய்தார் என்று பரிசேயர் பிடித்துக்கொள்கிறார்கள். பார்வை வந்ததை விட்டுவிட்டு, யார் பாவி என்ற பழைய இடத்துக்கே அவர்களின் பேச்சு போய்ச் சேருகிறது.

காரணத்தைத் தேடாமல் எந்தப் பழுதையும் சரிசெய்ய முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கில் ஊறியிருக்கலாம். லைனிங்கை மட்டும் மாற்றிவிட்டுக் கசிவை விட்டால் புது லைனிங்கும் ஊறிவிடும். ஆனால் அந்த ரப்பரைப் போட்டவர் யார் என்று தெரிந்தாலும் கசிவு நிற்காது. புத்தர் மாலுங்கியபுத்தருக்குச் சொன்ன உவமையில், நச்சு அம்பு தைத்தவன், எய்தவன் யார், என்ன குலம், வில் எப்படிப்பட்டது என்றெல்லாம் தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்கிறான். தெரிந்துகொள்ளும் முன்பே செத்துப்போகிறான். அம்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மருத்துவர் பார்ப்பதை அந்த உவமை தடுக்கவில்லை. எய்தவனின் குலத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைத்தான் தடுக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு நம் மண்ணிலிருந்தே வரும். நமக்கு வரும் நன்மை தீமைகளுக்குப் பிறரைக் காரணம் காட்ட இடமில்லை என்று புறநானூற்றில் பாடிவிட்டார் கணியன் பூங்குன்றனார். கன்மத்தைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வகுத்த சைவ சித்தாந்தமும் அவரவர் வினை அவரவருக்கே என்கிறது. அப்படியிருக்க, பிறர் வைத்த ஒட்டுக்கு நான் பாடுபடுகிறேன் என்பது கோட்பாட்டுக்கே முரண் இல்லையா? முற்பிறவிக் கணக்குக்கு என்னிடம் சாட்சி இல்லை. அந்தக் கணக்கு இந்நாட்டில் எதற்குப் பயன்பட்டது என்பதற்கோ சாட்சி ஏராளம். சேரியில் பிறந்தவரிடம் அது உன் வினை என்றார்கள். கணவனை இழந்த சிறுமியிடம் அது உன் தலையெழுத்து என்றார்கள். பழுதைச் சுமந்தவர் தலையிலேயே பழியையும் ஏற்றிவைத்த கொடுமை அது. பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிற பூங்குன்றனார் பாட்டில் அதற்கு இடமே கிடையாது. சித்தாந்தத்துக்குள் நின்று பார்த்தாலும், சேர்ந்து கிடக்கும் சஞ்சிதத்தையும் இப்போது அனுபவிக்கும் பிராரத்தத்தையும் நாம் மாற்ற முடியாது. இனிச் சேர்க்கும் ஆகாமியம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. குறளின் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை ஒப்புக்கொண்ட வள்ளுவர், 62இல் ஆள்வினையுடைமைக்கு வந்து, அயராத உழைப்புக்கு முன் அந்த ஊழும் பின்வாங்கும் என்கிறார்.

வண்டியை விரும்பி வாங்கினார், பழுதுக்காக விலையும் குறைந்தது, பிறப்பை யாரும் அப்படி விலைபேசி வாங்கவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. கடமை ஒப்பந்தத்திலிருந்து மட்டுமே பிறக்கும் என்றால் இது சரி. பிரிட்டனில் 2018 மே முதல், 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. 1985இல் உற்பத்தி நின்ற சீரீஸ் த்ரீ வண்டிகள் அநேகமாக எல்லாமே இந்தச் சலுகைக்குள் வந்துவிட்டன. வண்டி ஓடத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் மாறவில்லை. ஆண்டுதோறும் பிரேக்கைப் பார்த்துச் சான்று தர ஆள் இல்லை, அவ்வளவுதான். சாலையைக் கடக்கிற குழந்தைக்கு அந்தப் பிரேக் பிடித்தாக வேண்டும். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடந்த பேரத்தில் அந்தக் குழந்தைக்குப் பங்கில்லை. இன்று ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் சரிசெய்ய முடியும். கடமை அங்கிருந்து வருகிறது. கேட்டு வாங்காத பழுதுகளுக்கும் இதுவே பொருந்தும். நான் பிறந்த ஊரின் இரட்டைக் குவளையை நான் வைக்கவில்லை, ஆனால் அதை எடுக்கும் நிலையில் இருக்கிறேன். அழுகிய சேஸிஸைத் தெரிந்தே தார்பூசி மறைத்து விற்றவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்மேல் வழக்குப் போடலாம், போட வேண்டும். தீர்ப்பு வரும்வரை அந்தச் சேஸிஸோடு வண்டியைச் சாலையில் இறக்க முடியாது, அவ்வளவே. ஓரிடத்தில் வண்டிக்கும் வாழ்வுக்கும் ஒப்பு நிற்காது: வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம். ஊரையும் உடம்பையும் போட முடியாது. அங்கே பழுதுபார்ப்பதை விட்டால் வேறு வழியில்லை.

இனிச் சேர்க்கும் வினை எப்படிச் சேர்கிறது என்பதை வெல்டிங் வேலையில் கண்ணால் பார்க்கலாம். துருவின் மேலேயே தகட்டை வைத்து நாலு இடத்தில் பற்றவைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம்; ஒரு மதியத்தில் முடிந்துவிடும். சரியான வழி என்றால், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, கிரைண்டரால் விளிம்பைப் பளிச்சென்று தேய்த்து, அதே கனத் தகட்டை அளவாக நறுக்கிப் பொருத்தி, சுற்றிலும் விடாமல் பற்றவைத்து, ஆறிய பிறகு பெட்டியின் உட்புறத்தில் மெழுகு பாய்ச்ச வேண்டும். பெயிண்ட் காய்ந்த பிறகு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவசர ஒட்டுப் போடுகிறவர், பின்னால் வாங்கப்போகும் யாரோ ஒருவருக்குப் பிராரத்தத்தை உண்டாக்கிவைக்கிறார். முழுசாகச் செய்யப் பணமும் நேரமும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அப்போது, பின் குறுக்குச்சட்டத்தில் இருப்பது தற்காலிக ஒட்டு, உள்ளே இன்னும் துரு இருக்கிறது என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைத்து, விற்கும்போது அதற்கேற்ப விலையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். நஷ்டம்தான். எனக்கு விற்றவர் இப்படிச் செய்யவில்லையே, நான் மட்டும் ஏன் என்று அப்போது மனம் கேட்கும். யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்ட கேள்விதான் அது. இந்த முறை அது வேலையைத் தட்டிக்கழிக்கக் காரணமாக வந்து நிற்கிறது.